மலை திருப்பி அனுப்பியவர்கள்

சென்றார், சேர்ந்தார், கண்டார், திரும்பி வந்து சொன்னார் என்பதே பயண இலக்கியத்தின் பொது இலக்கணம். திருப்பயண இலக்கியமும் இதற்கு விலக்கன்று. எருசலேமுக்குச் சென்று வந்தவரும் காசிக்குச் சென்று வந்தவரும் தாம் கண்டதையே முதலில் சொல்வர். கேட்பவரும் அதையே கேட்பர். பாதி வழியில் திருப்பி அனுப்பப்பட்டவரின் கதையைப் பெரிதாக எழுதி வைப்பார் குறைவு. இவ்வழக்குக்கு மாறாக, திரும்பி வந்ததையே நடுவாகக் கொண்ட இரண்டு பயண எழுத்துகளை இங்கே ஒருசேர வைத்துப் பார்க்கலாம். ஒன்று, பன்னிரண்டாம் நூற்றாண்டில் சிதம்பரத்தில் அரங்கேறிய பெரியபுராணம் கூறும் திருநாவுக்கரசரின் கயிலைப் பயணம். மற்றொன்று, இப்போலித்தோ தெசிதேரி என்னும் இத்தாலிய இயேசு சபைக் குரு பதினெட்டாம் நூற்றாண்டில் தம் திபெத்துப் பணியைப் பற்றி எழுதிய நூல். இரண்டிலும் வருவது ஒரே மலை. இருவரும் அதன்பின் வந்து நின்றதும் நம் தமிழ் மண்ணே.

இவ்விரண்டையும் படிக்கும்போது ஒரு கேள்வியைக் கையோடு வைத்துக்கொள்வது நல்லது. தொலைவிலுள்ள மலையைத் தேடிப் போகிறவரின் கைகளுக்கு என்ன நேர்கிறது? கண் எதைக் கண்டது என்றே கேட்டுப் பழகிய நமக்கு இக்கேள்வி விந்தையாகத் தோன்றலாம். ஆனால் சேக்கிழாரின் பாட்டு இக்கேள்விக்கே மிகுதியாக விடை சொல்லுகிறது.

உழவாரம் ஏந்திய கை

திருநாவுக்கரசர் கடலூர்ப் பகுதியினருக்கு அயலாரல்லர். பண்ருட்டியை அடுத்த திருவாமூரில் பிறந்தவர். இளமையில் சமணம் தழுவித் தருமசேனர் என்று பெயர் பெற்றவர். சூலைநோய் வருத்த, திருவதிகையிலிருந்த தமக்கையார் திலகவதியாரிடம் திரும்பி வந்தவர். பல்லவ மன்னன் அவரைக் கல்லோடு பிணித்துக் கடலில் தள்ளுவித்தான் என்றும், அக்கல்லே தெப்பமாக அவர் திருப்பாதிரிப்புலியூரில் கரையேறினார் என்றும் புராணம் கூறும். இன்றைய கடலூரின் ஒரு பகுதியே திருப்பாதிரிப்புலியூர். ‘கரையேறவிட்ட குப்பம்’ என்னும் ஊர்ப்பெயர் அந்நினைவை இன்றும் சுமந்து நிற்கிறது.

இவர் பாடியவர் மட்டுமல்லர். கோயில் முற்றங்களில் புல்லைச் செதுக்கியவர். அதற்காக அவர் கையில் ஏந்திய கருவியின் பெயர் உழவாரம். கூலியும் பதவியும் கருதாமல் தாமே ஏற்றுக்கொண்ட உடலுழைப்பு அது. இன்று தன்னார்வத் தொண்டு என்று நாம் சொல்லுவதற்குத் தமிழ் மரபு முன்பே வைத்திருந்த பெயர் கைத்தொண்டு.

அக்கைத்தொண்டின் மதிப்பைச் சேக்கிழார் ஒரு பஞ்ச காலத்து நிகழ்ச்சியால் உணர்த்துகிறார். திருவீழிமிழலையில் வற்கடம் வந்தபோது, அடியவர்க்கு உணவளிப்பதற்காக நாவுக்கரசருக்கும் ஞானசம்பந்தருக்கும் நாள்தோறும் இறைவன் பொற்காசு வழங்கினார். நாவுக்கரசரின் மடத்தில் காலத்தில் அமுது ஆயிற்று. சம்பந்தரின் மடத்தில் மட்டும் தாமதம். அவர் பெற்ற காசுக்குக் கடைவீதியில் வட்டம் கேட்டார்கள். நாவுக்கரசரின் காசு குறைவின்றிச் செல்லுபடியாயிற்று. காரணம் என்ன? நாவுக்கரசர் பாடுவதோடு கைத்தொண்டும் செய்கிறவர் என்பதே காரணம். இறையருளையும் கடைத்தெருவின் நாணயக் கணக்கில் வைத்துப் பார்க்கும் துணிவு சேக்கிழாருக்கு இருந்தது. சோழப் பேரரசில் அமைச்சராக இருந்தவரின் கண் அது.

தேய்ந்துபோன கை

இத்தகைய கையை உடையவர்தாம் கயிலைக்குப் புறப்படுகிறார். திருக்காளத்தியை வணங்கி நின்றபோது வடகயிலையைக் காணும் வேட்கை அவருக்குள் எழுகிறது. திருப்பருப்பதம், தெலுங்கு நாடு, கன்னட நாடு, மாளவம் என்று வழி நீளுகிறது. காசியை அடைந்ததும் உடன்வந்த அடியவர்களை அங்கேயே நிறுத்திவிட்டுத் தனியே நடக்கிறார். காயும் கிழங்கும் உண்பதையும் விடுகிறார். இரவும் பகலும் நடக்கிறார்.

இவ்விடத்தில் சேக்கிழாரின் நடை மாறுவதை நோக்க வேண்டும். தென்னாட்டிலிருந்து காசி வரையுள்ள நெடுவழியைச் சில பாடல்களில் கடந்தவர், காசிக்கு அப்பால் ஊர்ப்பெயர்களை அறவே விட்டுவிடுகிறார். மலையின் உயரம், பனியின் கடுமை, ஆறுகளின் பெயர் ஆகியவற்றில் அவர் மனம் ஊன்றவில்லை. ஊர்ப்பெயர்கள் இருந்த இடத்தில் உடலின் உறுப்புகள் வருகின்றன. பாதங்கள் பரடு வரை தேய்கின்றன. கைகளை ஊன்றித் தவழ்கிறார். கைகள் மணிக்கட்டு வரை தேய்கின்றன. மார்பால் உந்துகிறார், தசை சிதைந்து என்பு முரிகிறது. பின்பு புரண்டு செல்கிறார். இறுதியில் அசைவற்றுக் கிடக்கிறார். நாடுகளைக் கடந்த பயணம் உறுப்புகளைக் கடக்கும் பயணமாகிவிடுகிறது.

பெரும்பாலான உரையாளர்கள் இதனைப் பக்தியின் உச்சம் என்று போற்றுவர். அது சரியே. ஆயினும் பாட்டில் இன்னொன்றும் இருக்கிறது. இம்மலைவழியில் உழவாரத்துக்கு வேலை இல்லை. செதுக்க ஒரு முற்றமில்லை. அமுதளிக்க ஒரு பசித்தவரில்லை. உடன்வர ஓர் அடியவரில்லை. திருவீழிமிழலையில் குறைவற்ற காசைப் பெற்றுத் தந்த அந்தக் கையே இங்கு மணிக்கட்டு வரை தேய்ந்து போகிறது. தனித்த தேடல் தொண்டு செய்யும் கையையே உண்டுவிடக் கூடும் என்பதை இதைவிடக் கூர்மையாகச் சொல்வது அரிது. வேட்கையைச் சேக்கிழார் இகழவில்லை. அதற்கு உரிய பெருமையைத் தந்துவிட்டு, அதன் விலையையும் மறைக்காமல் எழுதுகிறார்.

அப்போது முனிவர் வடிவில் இறைவன் எதிர்ப்படுகிறார். மனிதர் சேரக்கூடிய மலை இதுவன்று, திரும்பிப் போ என்கிறார். நாவுக்கரசர் மறுக்கிறார், கயிலையைக் காணாமல் இவ்வுடம்போடு மீளேன் என்கிறார். மறைந்து நின்று எழுந்த குரல் அவரை எழுக என்று பணிக்க, தேய்ந்த உறுப்புகள் யாவும் மீண்டும் உருப்பெறுகின்றன. நலம் பெற்ற உடம்போடு நிற்பவருக்கு மலையேறக் கட்டளை வரவில்லை. அருகிலுள்ள பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் கயிலையைக் காண் என்றே கட்டளை வருகிறது. மூழ்கியவர் காவிரிக் கரை ஊரின் குளத்தில் எழுகிறார். அங்கே களிறும் பிடியுமாய், சேவலும் பேடையுமாய் எதிர்வரும் உயிர்களெல்லாம் இறைவனும் இறைவியுமாகத் தோன்றுகின்றன. ஆடி அமாவாசையில் திருவையாற்றில் இன்றும் இக்கயிலைக் காட்சி விழாவாகக் கொண்டாடப்படுகிறது.

தோளுக்கு வந்த சிவிகை

நாவுக்கரசர் தாமே பாடிய திருவையாற்றுப் பதிகத்தையும் சேக்கிழாரின் வருணனையையும் ஒப்பிட்டால் ஓர் உண்மை புலனாகும். பதிகத்தில் பனிமலை இல்லை. தேய்ந்த பாதமும் இல்லை. பூவும் நீரும் சுமந்து வழிபடச் செல்லும் எளிய அடியவர்களின் பின்னால் தாமும் புகுவதாகவே அவர் பாடுகிறார். முன்பு காணாத ஒன்றைக் கண்டதாகச் சொல்லும் அந்தப் பெருமிதம், கூட்டத்தின் பின்வரிசையில் நடந்தவருக்குக் கிடைத்த பெருமிதம். ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த சேக்கிழார் அப்பதிகத்துக்கு முன்னே ஒரு மலையை எழுப்பினார். காசியில் அடியவரைப் பிரிந்து போனவர், ஐயாற்றில் அடியவர் பின்னே நடந்து கண்டார் என்ற முரண் அதனால் ஒளி பெற்றது. மூலப் பாட்டைச் சிதைக்காமல் அதற்கு ஆழம் கூட்டும் கலை இது.

கதை இத்துடன் முடியவில்லை. மீண்டும் கிடைத்த உறுப்புகளை நாவுக்கரசர் என்ன செய்தார்? வேறு சில பதிகளை வணங்கியபின் திருப்பூந்துருத்தியில் மடம் அமைத்துத் தங்குகிறார். பாண்டி நாட்டிலிருந்து ஞானசம்பந்தர் முத்துச் சிவிகையில் வருகிறார். வரவேற்கும் கூட்டத்தில் யாருமறியாமல் புகுந்து, தம்மினும் மிக இளையவரான சம்பந்தரின் சிவிகையைத் தோளில் தாங்கி வருகிறார் நாவுக்கரசர். அப்பர் எங்குற்றார் என்று சம்பந்தர் கேட்க, உம்மைத் தாங்கி வரும் பேறு பெற்று இங்குற்றேன் என்னும் கருத்தில் விடை வருகிறது. கேட்ட சம்பந்தர் பதறி இறங்கி வணங்குகிறார். மலையில் தேய்ந்த பாதமும் கையும் மார்பும் எதற்காகத் திரும்பத் தரப்பட்டன என்று சேக்கிழார் வெளிப்படச் சொல்லவில்லை. நிகழ்ச்சிகளை அடுக்கிய வரிசை சொல்லிவிடுகிறது. பயணத்தின் பயன் இன்னொருவரின் பாரத்தைச் சுமக்கும் தோளாக வெளிப்படுகிறது. கயிலைப் பகுதியைத் தனியே வெட்டி எடுத்துப் படிப்பவர்கள் இந்தத் தோளை இழந்துவிடுவர்.

அதே மலையைக் கடந்த ஒரு குரு

நாவுக்கரசர் வாழ்ந்தது ஏழாம் நூற்றாண்டு. அதற்குச் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின், 1715-ஆம் ஆண்டின் இறுதியில், கயிலை மலையை ஒட்டிய பெருவழியில் ஒரு வணிகச் சாத்து நகர்ந்து சென்றது. அதில் இரண்டு இயேசு சபைக் குருக்கள் இருந்தனர். ஒருவர் போர்த்துக்கீசியரான மனுவேல் பிரெயிரே. மற்றவர் இத்தாலியின் பிஸ்தோயா நகரில் 1684-இல் பிறந்த தெசிதேரி. கைவிடப்பட்டுக் கிடந்த திபெத்துப் பணியை மீண்டும் தொடங்கும் பொறுப்பைத் தாமே விரும்பி ஏற்றவர் அவர். 1712-இல் உரோமையை விட்டுப் புறப்பட்டுக் கோவா, தில்லி, காசுமீரம் வழியே வந்தார். காசுமீரத்திலிருந்து லே நகரம் வரை நாற்பது நாள் மலைநடை. அங்கிருந்து லாசாவுக்குக் குளிர்காலப் பயணம். மேற்குத் திபெத்தை ஆண்ட தன் கணவனை இழந்து லாசா திரும்பிக்கொண்டிருந்த ஓர் அரசியின் பரிவாரத்தோடு சேர்ந்திராவிட்டால் இருவரும் அப்பனியில் பிழைத்திருப்பது ஐயமே. 1716 மார்ச் 18-இல் லாசாவை அடைந்தனர். பிரெயிரே விரைவில் இந்தியா திரும்பிவிட, தெசிதேரி தனியே நின்றார். அவ்வாண்டு ஏப்ரலில் அவர் எழுதிய பயண மடல் வந்து சேர வேண்டியிருந்தது மைசூர் நாட்டில் பணியாற்றிய ஒரு சக குருவுக்கு. பனிநாட்டுச் செய்தி முதலில் தென்னாட்டை நோக்கியே வந்தது.

நான்கு பகுதிகளாக அமைந்த அவரது நூலின் முதற்பகுதியைப் படிப்பவருக்குச் சேக்கிழாருக்கு நேர் எதிரான ஓர் எழுத்தாளர் காட்சி தருவார். நாள்களை எண்ணுகிறார், ஊர்களைக் குறிக்கிறார், எரிபொருளாகும் சாணத்தையும் குதிரைத் தீவனத்தின் அருமையையும் மறவாமல் எழுதுகிறார். கயிலை அவர் நூலில் முகிலும் பனியும் மூடிய ஓர் உயர்ந்த மலை. திபெத்தியர் அதனைப் பலநாள் வலம் வருகின்றனர் என்று வியப்போடும் சற்றே விலகலோடும் குறிக்கிறார். நாவுக்கரசருக்கு எட்டாத மலை அவருக்கு வழியில் வந்து போகும் மலை. அவரை ஆட்கொண்டது வேறு: அம்மக்களின் மொழியும் நூல்களும். லாசாவின் இராமோச்சே, சேரா மடங்களில் துறவியரோடு அமர்ந்து அவர்களின் வேதநூல்களைக் கற்றார். திபெத்திய மொழியிலேயே நூல் எழுதினார். அவற்றுள் முதலாவதை 1717 சனவரி 6-இல், மூவரசர் திருநாளில், அரசரான லாசாங் கானிடம் அளித்தார். அவ்வாண்டு இறுதியில் சுங்கார் படை லாசாவைச் சூறையாடி அரசரைக் கொன்றது. தக்போ நாட்டில் ஒதுங்கி வாழ்ந்த காலத்திலும் எழுத்து நிற்கவில்லை.

அவரைத் திருப்பி அனுப்பியது பனியன்று, உரோமையிலிருந்து வந்த ஓர் ஆணை. விசுவாசப் பரப்புதல் பேராயம் திபெத்துப் பணியைக் கப்புச்சின் சபையாருக்கு ஒதுக்கியிருந்தது. பணிந்து 1721-இல் லாசாவை விட்டு வெளியேறினார். சில ஆண்டுகள் வட இந்தியாவில் பணியாற்றியபின் புதுச்சேரியை மையமாகக் கொண்ட கர்நாடக மறைப்பணித் தளத்துக்கு வந்து சேர்ந்தார். நாற்பது வயதைக் கடந்தவர், திபெத்திய மொழியில் தத்துவ நூல் எழுதியவர், நம் கடற்கரையில் தமிழ் நெடுங்கணக்கை முதலிலிருந்து கற்கத் தொடங்கினார். 1727 சனவரியில் புதுச்சேரியிலிருந்து கப்பலேறியபோது அவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்த பணி திபெத்தைப் பற்றியதன்று. 1693-இல் ஓரியூரில் மறைசாட்சியாக இறந்த அருளானந்தருக்கு முத்திப்பேறு பட்டம் பெறும் முயற்சியை உரோமையில் முன்னெடுப்பதே அப்பணி. தம் மலையை இழந்தவர் இன்னொருவரின் மாண்பைச் சுமந்து சென்றார். திருப்பூந்துருத்திச் சிவிகையை இங்கே நினையாமல் இருக்க முடியவில்லை.

இரண்டு எழுத்துகளின் குறைகள்

ஒற்றுமையை அளவுக்கு மீறி இழுப்பது திறனாய்வாகாது. நாவுக்கரசர் திருவையாற்றில் கண்டதோடு நிறைவு கொண்டார். தெசிதேரியால் மலையை விட முடியவில்லை. உரோமையில் வாழ்ந்த ஐந்தாண்டுகளும் திபெத்துப் பணியை இயேசு சபைக்கு மீட்கும் வழக்கில் கழிந்தன. 1732-இல் தீர்ப்பு கப்புச்சினருக்கே சாதகமாயிற்று. அடுத்த ஏப்ரலில் அவர் இறந்தார். நூலின் சில பகுதிகளில் இந்த வழக்கின் வாடை வீசுகிறது. தம் உழைப்பை நிலைநாட்டும் வேகத்தில் பிற சபையாரின் உழைப்பைக் குறைத்துப் பேசுகிறார். பனியில் பொறுமையாக இருந்த நடை நீதிமன்ற வாயிலில் பொறுமை இழக்கிறது. திருச்சபைப் பணியில் ஈடுபட்டோர் தம் பங்கு, தம் சபை, தம் இயக்கம் என்று பிணங்கும் இடங்களை அறிந்தவர்களுக்கு இப்பக்கங்கள் புதியன அல்ல.

சேக்கிழாரிடமும் குறை இல்லாமல் இல்லை. சமணரைப் பற்றி அவர் எழுதும் இடங்களில் நடுநிலை காண்பதற்கில்லை. ஒரு காலத்தில் இதே கடலூர் மண்ணில் கல்வி வளர்த்த ஒரு சமயத்தாரைச் சூழ்ச்சிக்காரராக மட்டுமே அவர் காட்டுகிறார். தெசிதேரியும் தலாய் லாமாவின் மறுபிறப்பு நம்பிக்கையை அலகையின் வேலை என்று சொல்லத் தயங்கவில்லை. ஆனால் அதே தெசிதேரி அம்மக்களின் இரக்கத்தையும் ஒழுக்கத்தையும் மனமாரப் புகழ்கிறார். மறுப்பதற்கு முன் ஆண்டுக்கணக்கில் கற்கிறார். பிற சமயங்களில் உண்மையும் புனிதமுமானவற்றை மதிக்கும்படி இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் அறிவுறுத்தியது. அந்த அளவுகோலில் அவரது கொள்கை தவறலாம். அவரது உழைப்பு தவறாது.

இரு எழுத்துகளின் விதியும் ஒன்றுபோலவே அமைந்தது. தேவார ஏடுகள் தில்லைக் கோயிலின் அறை ஒன்றில் பூட்டிக் கிடந்து, கறையான் அரித்தவை போக எஞ்சியவையே மீட்கப்பட்டன என்பது மரபு. தெசிதேரியின் நூல் அவர் இறந்தபின் ஒன்றரை நூற்றாண்டுக்கு அச்சேறவில்லை. 1875-இல் அவர் பிறந்த பிஸ்தோயாவில் கைப்படி ஒன்று கண்டெடுக்கப்பட்டது. 1904-இல் ஒரு பகுதி வெளிவந்தது. 1932-இல் ஆங்கிலத்தில் சுருக்கமாகவும் 2010-இல் முழுமையாகவும் வந்தது. தமிழில் இன்னும் வர வேண்டும். புதுச்சேரி–கடலூர் உயர்மறைமாவட்டப் பொதுநிலையினர் தம் கரையில் தமிழ் கற்ற ஒருவரின் நூலைத் தமிழில் படிக்க விரும்புவது இயல்பல்லவா?

நம் முற்றம்

இவையெல்லாம் நமக்கு எதற்கு என்று வாசகர் கேட்கலாம். இன்று பயணம் எளிதாகிவிட்டது. புனித நாட்டுப் பயணத்துக்குத் தமிழக அரசு 2011-க்குப் பின் நிதியுதவி வழங்கத் தொடங்கியது. ஐந்தாண்டு தடைப்பட்டிருந்த கயிலைப் பயணம் 2025-இல் மீண்டும் திறந்தது. நம் இளைஞருள் சிலர் தொலைநாட்டு மலைக்கிராமங்களுக்குத் தொண்டாற்றவும் செல்கின்றனர். இவை யாவும் நல்லனவே. தாபோர் மலையில் கூடாரம் அமைக்க விரும்பிய பேதுருவின் ஆவலும் நல்லதே. ஆனால் ஆண்டவர் சீடர்களை மலையிலிருந்து இறக்கிக் கூட்டி வந்தார். அடிவாரத்தில் நோயுற்ற சிறுவன் ஒருவன் காத்திருந்தான்.

2004 திசம்பர் 26-இல் ஆழிப்பேரலை தேவனாம்பட்டினத்தையும் சிதம்பரத்தை அடுத்த கிள்ளைப் பகுதிக் குப்பங்களையும் சிதைத்தபோது, எங்கோ உள்ள நாடுகளிலிருந்து தொண்டர்கள் இங்கு வந்தனர். 2011 திசம்பர் 30-இல் தானே புயல் பண்ருட்டிப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தபோதும் வெளியூரார் கை கொடுத்தனர். அவர்களுக்கு நம் கடற்கரையே தொலைவிலுள்ள மலை. அவர்கள் திரும்பிப் போனபின் எஞ்சியிருந்த சேற்றை அள்ளியவர்கள் இங்கேயே இருந்தவர்கள். பயணப்பட்டவரின் தொண்டும் தங்கியிருப்பவரின் தொண்டும் சந்திக்கும் இடம் அந்தச் சேறுதான். புனித நாட்டிலிருந்து திரும்பிய ஒருவரின் பங்கில் நோயாளியைப் பார்க்கச் செல்வோர் எண்ணிக்கை ஒன்று கூடியதா என்பதே அப்பயணத்தைக் குறித்து நாம் கேட்கத்தக்க கேள்வி.

தமிழகத்துச் சிவன் கோயில்களில் நாவுக்கரசரின் திருவுருவத்தைப் பார்த்தவர்கள் ஒன்றை நினைவுகூரலாம். கயிலை வழியில் தேய்ந்த உடம்பைச் சிற்பிகள் வடிக்கவில்லை. ஐயாற்றுக் காட்சியையும் வடிக்கவில்லை. கூப்பிய கைகளோடு, தோளில் சாய்த்த உழவாரத்தோடு நிறுத்தினார்கள். நெடுந்தொலைவு நடந்த ஒருவரை அவர் செதுக்கிய புல்லைக் கொண்டே நினைவில் வைத்த அந்தச் சிற்பிகள், பெரியபுராணத்தை நம்மினும் நன்றாகப் படித்தவர்கள் என்றே தோன்றுகிறது.